இலையின் அடிப்பக்கம்

புதன்கிழமை வந்தால் போதும், வண்டிக்காரனுக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிடும். மற்ற நாளெல்லாம் கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயிறுதான் அது. புதன்கிழமை காலையில், செடிக்கடையின் இரும்புக் கேட் கிறீச்சென்று திறக்கிற சத்தம் கேட்டதும் உள்ளே தீ பற்றிக்கொள்ளும். அப்புறம் சாயங்காலம்வரை மனுஷன் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசமாட்டான்.

கேட்டைத் திறந்துகொண்டு வருகிறவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். புதன்கிழமை அவர் கடைக்கு விடுமுறை. அவரைப் பார்த்துப் பொறாமைப்படுவதற்கு உண்மையிலேயே கஷ்டப்பட வேண்டும். அறுபதைத் தொடப்போகிற வயது, ஒட்டிய கன்னம், பலமாகக் காற்றடித்தால் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டிய உடம்பு. பாட்டு வராது, ஜோக் சொல்ல வராது. ஆனால் ஒரு செடிக்கடைக்குள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது அந்த மனுஷருக்குத் தெரிந்திருந்தது. வந்த வினையே அதுதான்.

கேட்டருகே கிடக்கிற ஈரச்சாக்கில் செருப்பை நன்றாகத் தேய்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார். "வேலையா இருக்கீங்களாம்மா? அப்புறம் வரட்டுமா?" என்பார். செடியைத் தூக்கினால் தொட்டியைப் பிடித்துத் தூக்குவார், தண்டைப் பிடித்து இழுக்கமாட்டார். எடுத்த இடத்திலேயே திருப்பி வைப்பார். போனமுறை வாங்கிப்போன தொட்டிகள் காலியாகியிருந்தால் கழுவிக் காயவைத்து, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக் கொண்டுவந்து கொடுப்பார். ஒரு செடியை வாங்குமுன் "இலையைத் திருப்பிப் பாக்கலாமாம்மா?" என்று அனுமதி கேட்பார். சரி என்றதும் ஒரே விரலால் இலையைப் புரட்டி, சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து அடிப்பக்கத்தை உற்றுப் பார்ப்பார். அதைப் பார்த்துத்தான் வண்டிக்காரன் அவருக்கு 'இலை ஜோசியர்' என்று பெயர் வைத்திருந்தான். நேரில் கூப்பிடுகிற தைரியமெல்லாம் கிடையாது. மண் சலிக்கும்போது தனக்குள் சொல்லிக்கொள்வதோடு சரி.

கடை அவன் மனைவியுடையது. ஊரே அவளைச் செடிக்காரம்மா என்றுதான் கூப்பிடும். பெரிய சாலையை ஒட்டி, டயர்க்கடைக்குப் பக்கத்தில் மதில் வைத்த நீளமான இடம். மேலே பச்சை நிழல்வலை, கீழே வரிசை வரிசையாகக் கறுப்புப் பைகள். குச்சி நட்டு வேர்விட வைப்பது, பை மாற்றுவது, நுனியைக் கிள்ளிவிடுவது, விற்பது எல்லாம் அவள். வண்டிக்காரனிடம் இருப்பது ஒரு லோடு வண்டி. மண்ணும் எருவும் கொண்டுவருவான், சலித்துக் கலந்து கொடுப்பான், விற்ற செடிகளை வீடுகளில் இறக்குவான். மொத்த வியாபாரி மாதம் ஒருமுறை லாரியோடு வந்து அவள் வளர்த்த கன்றுகளை எடுத்துப்போகும்போது ஏற்றிவிடுவதும் அவன்தான். செடிகளின் பெயரெல்லாம் அவனுக்கு வேண்டாத வேலை. 'சிவப்பு', 'உயரம்', 'முள்ளு' என்று மூன்று பெயரை வைத்துக்கொண்டு அத்தனை செடியையும் சமாளித்துவந்தான்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பார்த்திருந்தால் தெரியும், அவள் ஏன் அந்தப் புதன்கிழமை மனிதரிடம் அப்படி உருகினாள் என்று. ஒருத்தி போகிறபோக்கில் மொட்டைக் கிள்ளுவாள். ஒருத்தர் அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் ஒரு கிளையை ஒடித்துப் பைக்குள் போடுவார். "இருட்டு ரூம்ல வைக்கணும், தண்ணி ஊத்த எங்களுக்கு நேரம் கிடையாது, ஆனா வருஷம் பூரா பூக்கணும், அப்படி ஏதாவது குடுங்க" என்று ஒரு குடும்பமே வந்து நிற்கும். "அப்படின்னா பெயின்ட் கடைக்குப் போய் படம் வரைஞ்சுக்கோங்க" என்று சொல்ல அவளுக்கு நாக்கு துறுதுறுக்கும், சொல்லமாட்டாள். வாங்கிப்போன செடியைப் பட்டினி போட்டுக் கொன்றுவிட்டு, பிணத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்து "நீங்க குடுத்தது சரியில்ல" என்பவர்களும் உண்டு.

ஒரு புதன்கிழமை கண்ணாடிக்காரர் வந்தபோது வண்டிக்காரன் மண் கலந்துகொண்டிருந்தான். சலிப்பதை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தான்.

"போன மாசம் ஜன்னலோரம் வைக்க ஒண்ணு குடுத்தீங்களேம்மா, அது போயிடுச்சு."

"அடடா. என்ன சார் ஆச்சு?"

"தப்பு என்னோடதுதான். மேல்மண்ணு காஞ்ச மாதிரி இருந்துச்சு, தினம் ஊத்திட்டேன். விரலை உள்ள விட்டுப் பாருங்கன்னு நீங்க சொன்னீங்க. எனக்குத்தான் மறந்துபோச்சு."

செத்த செடிக்குத் தன்மேல் பழி போட்டுக்கொள்கிற மனுஷன் உலகத்தில் உண்டா? இந்த ஆள் ஏதோ கணக்கோடுதான் வருகிறான் என்று வண்டிக்காரனுக்கு அப்போதே உறுதியாகிவிட்டது.

"இன்னொரு சந்தேகம். பால்கனியில ஒரு செடியில வெள்ளையா பஞ்சு மாதிரி என்னமோ பிடிச்சிருக்கு. செடியைக் கொண்டு வந்தா இங்க இருக்கறதுக்கெல்லாம் ஒட்டிக்கும்னு ஒரு குச்சி மட்டும் கவர்ல போட்டுக் கட்டிக் கொண்டாந்தேன். திறக்க வேணாம்மா, வெளியில இருந்தே பாருங்க."

"கவர் மங்கலா இருக்கு சார். வாங்க, தொட்டிப் பக்கம் வெளிச்சத்துல பாப்போம்."

இருவரும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனார்கள். தொட்டியை ஒட்டித் தரையிலேயே ஒரு செம்பருத்தி நின்றது, ஆள் உயரத்துக்கு மேல் அடர்ந்து, சந்தன நிறத்தில் அடுக்கடுக்காகப் பூத்து. அதை அவள் விற்கமாட்டாள். தாய்ச்செடி. அதிலிருந்து குச்சி வெட்டித்தான் கடையிலிருக்கிற சந்தனச் செம்பருத்தி அத்தனையும். மொத்த வியாபாரி வருவதே அதற்காகத்தான். அது இருந்தால் கடை இருக்கும் என்பது வண்டிக்காரனுக்கே தெரியும்.

அங்கிருந்து பேச்சு சரியாகக் கேட்கவில்லை. அவள் கவரைப் பிரித்ததும், பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்ததும், "மாவுப்பூச்சி சார்" என்றதும் மட்டும் தெரிந்தது. கவரை மறுபடி முடிந்து கொடுத்தாள். அப்புறம் அவர் தாய்ச்செடியைக் காட்டி ஏதோ கேட்டார். அவள் தண்டின் அடிப்பக்கத்தைத் தொட்டுக் காட்டி ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். கையை வைத்து வண்டி ஓட்டுகிற மாதிரி என்னவோ செய்தாள். திடீரென்று தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு சிரித்தாள் பாருங்கள், வலைக்குமேல் உட்கார்ந்திருந்த குருவிகள் எழும்பிப் பறந்தன.

மதிலுக்கு மேல் டயர்க்கடைக்காரரின் தலை முளைத்தது. "என்னப்பா, உள்ள யாரு வந்திருக்கா? சிரிப்புச் சத்தம் இங்க வரைக்கும் வருது!"

வண்டிக்காரன் மண்வெட்டியை எடுத்து, ஏற்கெனவே கலந்த மண்ணை மறுபடியும் கலந்தான். அவள் அப்படிச் சிரித்து அவன் கடைசியாக எப்போது கேட்டான்? யோசித்துப் பார்த்தான், ஞாபகத்துக்கு வரவில்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

மத்தியானம் தகரக் கொட்டகையில் சாப்பிட உட்கார்ந்தார்கள். தகரம் காய்ந்து கொதித்தது. அவள் நகத்திடுக்கில் மண்ணோடு சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினாள். முகத்தில் காலைச் சிரிப்பின் மிச்சம் இருந்தது.

"கஸ்டமர்னா அவர மாதிரி இருக்கணுங்க."

"ம்."

"வீட்டுல எந்த ஜன்னல்ல எத்தன மணிக்கு வெயில் வருதுன்னு பாத்து வச்சுக்கிட்டுல்ல வராரு. அவர் ஒரு கேள்வி கேட்டா, எனக்கே மறந்துபோன நாலு விஷயம் ஞாபகத்துக்கு வருது."

"ம்."

"என்ன ம்மு?"

"குழம்புல உப்பு இல்ல."

உப்பு சரியாகத்தான் இருந்தது. அவள் உப்பு டப்பாவை நகர்த்திவைத்தாள். அவன் வீம்புக்குப் போட்டுப் பிசைந்து, கடல்தண்ணீரை விழுங்குவதுபோல் விழுங்கித் தீர்த்தான். எதைச் சொல்லி அப்படிச் சிரிச்ச என்று கேட்க நாக்கின் நுனிவரை வந்தது. கேட்டால் தாழ்ந்துபோய்விடுவோமாம்! தண்ணீரைக் குடித்து அதையும் சேர்த்து விழுங்கிவிட்டான்.

மனதில் கிடந்ததை அன்று சாயங்காலம் டயர்க்கடையில் கொட்டினான். டயர்க்கடைக்காரர் பஞ்சர் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிற இடத்தைத் தேடிக்கொண்டே கேட்டார்.

"ஏம்ப்பா, வயசான மனுஷன் அவரு. செடி வாங்க வராரு. உனக்கென்ன?"

"செடி வாங்கறவன் வாங்கிட்டுப் போக வேண்டியதுதானே? தொட்டிய எதுக்குக் கழுவிக் கொண்டாரணும்? நாம கழுவ மாட்டமா?"

"நீ என்னிக்குக் கழுவின?"

"அது வேற விஷயம்."

"உனக்குப் பொறாமை."

"எனக்கா? அந்தக் குச்சியப் பாத்தா?"

"சரி, இல்லாம போகட்டும். உன் வீட்டுக்காரிக்கு நீ கடைசியா என்ன வாங்கிக் குடுத்த?"

வண்டிக்காரன் யோசித்தான். "கடப்பாரை."

டயர்க்கடைக்காரர் ட்யூபை விட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "செடி பிடிச்சவளுக்கு ஒரு செடி வாங்கிக் குடுய்யா. அந்த ஆளு இருக்கும்போதே குடு. நீ ஒண்ணும் லேசுப்பட்ட ஆள் இல்லன்னு அவருக்கும் தெரியட்டும்."

செடிக்கடைக்காரிக்குச் செடி வாங்கிக் கொடுப்பதாவது என்று சாதாரண மனுஷனுக்குத் தோன்றியிருக்கும். பொறாமை பிடித்தவனுக்கு அது அபாரமான யோசனையாகத் தோன்றியது.

ஊருக்கு வெளியே பைபாஸ் ரோட்டில் ஒரு பெரிய செடிப்பண்ணை இருந்தது. எரு ஏற்றப் போகிற சாக்கில் வெள்ளிக்கிழமை அங்கே வண்டியை நிறுத்தினான். அவனை அங்கே யாருக்கும் தெரியாது. கேட்டருகே சாக்கு எதுவும் கிடக்கவில்லை, இருந்தாலும் செருப்பைத் தரையிலேயே இரண்டு தேய் தேய்த்துவிட்டு உள்ளே போனான். "வேலையா இருக்கீங்களாய்யா? அப்புறம் வரட்டுமா?" என்று கேட்டான். பண்ணைக்காரர் போனைக் கீழே வைத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"இல்லீங்க, வாங்க, வாங்க."

அவ்வளவுதான், வண்டிக்காரனுக்குத் தலைகால் புரியவில்லை. எத்தனை மணிநேரம் வெயில் வேண்டும் என்று கேட்டான். மண்ணில் மணல் எவ்வளவு, எரு எவ்வளவு என்று கேட்டான். தண்ணீர் ஊற்றுமுன் விரலை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டுமா என்று கேட்டான். தொட்டியைப் பிடித்துத் தூக்கினான், எடுத்த இடத்திலேயே வைத்தான். பண்ணைக்காரர் அரைமணி நேரம் நின்று சொன்னார். கடைசியில், "உங்கள மாதிரி விஷயம் தெரிஞ்ச கஸ்டமர் வந்து ரொம்ப நாளாச்சுங்க" என்று வேறு சொல்லிவிட்டார். வாழ்நாளில் அவனை யாரும் விஷயம் தெரிந்தவன் என்று சொன்னதில்லை. கழுத்து கொஞ்சம் நீண்டுவிட்டது.

அவன் எடுத்தது ஒரு செம்பருத்தி. சந்தன நிறத்தில் ஒரு பூ, இரண்டு மொட்டு, முட்டுக்குச்சியில் கட்டிய தண்டு. இது நம் கடையில் இருக்கிற மாதிரியே இருக்கிறதே என்று ஒரு கணம் தோன்றியது. அவளுக்குப் பிடித்த நிறம் என்று அதற்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டான். கண்ணாடிக்காரர் செய்வதையெல்லாம் ஒன்று விடாமல் செய்தவன் ஒன்றை மட்டும் விட்டுவிட்டான். இலையைத் திருப்பிப் பார்க்கவில்லை. ஜோசியம் பார்க்கிற மாதிரி தெரியும் என்று வெட்கம்.

வெளியிலிருந்து எந்தச் செடி வந்தாலும் நேரே உள்ளே போகக் கூடாது என்பது அந்தக் கடையின் சட்டம். கேட்டை ஒட்டி ஒரு தனிப் பலகை உண்டு. இரண்டு வாரம் அதில் நின்று, பூச்சி ஒன்றும் இல்லை என்று தெரிந்தால்தான் வலைக்குள் இடம். வந்த செடிகளைப் பலகையில் இறக்கிவைப்பவனே வண்டிக்காரன்தான். ஆனால் அந்தச் சட்டம் சரக்குக்கு. இது பரிசல்லவா? பலகையில் வைத்தால் அவள் கண்ணில் பட்டுவிடும். தண்ணீர்த் தொட்டிக்கும் மதிலுக்கும் நடுவே சல்லடையும் மண்வெட்டியும் காலிச்சாக்கும் போட்டுவைக்கிற சந்து ஒன்று இருந்தது, அவனுடைய ராஜ்ஜியம். அவள் அங்கே போகவேமாட்டாள். அதில் கொண்டுபோய் ஒளித்துவைத்தான். தாய்ச்செடியின் கிளை ஒன்று சந்துக்குள் நீட்டிக்கொண்டிருந்தது, அதைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டான்.

புதன்கிழமை வந்தது, கண்ணாடிக்காரர் வரவில்லை. கேட் சத்தத்துக்காக அவன் காத்திருந்த ஒரே புதன்கிழமை அதுதான். அடுத்த புதனும் வரவில்லை. மழை பிடித்துக்கொண்டது. அவர் ஏதோ கல்யாணத்துக்கு வெளியூர் போயிருக்கிறார் என்று அவள் சொன்னாள். அது இவளுக்கு எப்படித் தெரியும் என்று அதற்கும் ஒரு எரிச்சல். அவர் இல்லாமல் கொடுத்தால் பரிசுக்கு என்ன மதிப்பு என்று பிடிவாதமாக இருந்தான். காலையில் யாரும் பார்க்காதபோது சந்துக்குள் கையை நீட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவான். இருட்டில் ஏதோ பச்சையாக நின்றது. உயிரோடு இருக்கிறது, அது போதும்.

மழை விட்டு வெயில் அடித்த நாளில், "ஐயோ!" என்று அவள் போட்ட சத்தம் கேட்டு ஓடினான்.

தாய்ச்செடியின் ஒரு கிளையை வளைத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். இலைகளின் அடியில், கணுக்களில், மொட்டின் கழுத்தில், வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு. எறும்புகள் வரிசைகட்டித் தொட்டிச் சுவரிலிருந்து கிளைக்கு ஏறிக்கொண்டிருந்தன.

"மாவுப்பூச்சி" என்றாள். குரல் எழும்பவில்லை. "எறும்பு தூக்கிட்டுப் போய் எல்லாக் கிளையிலயும் விட்டிருக்கு. மழைன்னு நான் இந்தப் பக்கம் சரியா பாக்கல."

"சோப்புத் தண்ணி அடிச்சா..."

"உள்ள வரைக்கும் போயிடுச்சுங்க. இதோட விடாது. பக்கத்து வரிசை பூரா இதுலேருந்து வெட்டின குச்சிதான்." கிளையை விட்டுவிட்டுத் தொட்டி ஓரத்தைப் பார்த்தாள். "அந்தக் கவர். இங்க நின்னுதான் பிரிச்சேன். திறக்க வேணாம்னு அவரே சொன்னாரு. எனக்குத்தான் பேச்சு சுவாரசியத்துல புத்தி எங்க போச்சோ."

வண்டிக்காரனுக்கு அப்போது எதுவும் உறைக்கவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம்கூட எட்டிப்பார்த்தது. இலை ஜோசியர் மாட்டிக்கொண்டார்.

அந்த வாரப் புதன்கிழமை கண்ணாடிக்காரர் வந்தார். செருப்பைத் தேய்த்தார், அடுக்கிய தொட்டிகளோடு உள்ளே வந்தார். "வேலையா இருக்கீங்களாம்மா?" என்று அவர் ஆரம்பிக்குமுன் அவள் பிடித்துக்கொண்டாள். கையில் சோப்புத் தண்ணீர் வாளி. விடிந்ததிலிருந்து இலை இலையாகத் துடைத்துத் துடைத்து விரல் வெளுத்துப்போயிருந்தது.

"வேலை குடுத்துட்டுப் போனதே நீங்கதானே சார்? வந்து பாருங்க, உங்க கவர் பண்ணின காரியத்த. இது போச்சுன்னா என் கடையே போச்சு. குச்சியக் கவர்ல போட்டுக் கொண்டு வரணும்னு யாரு கேட்டா? போன்ல படம் எடுத்துக் காட்டினா ஆகாதா?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. தாய்ச்செடியைத் தூரத்திலிருந்தே பார்த்தார், கிட்டே போகவில்லை. நான் கட்டித்தானே கொண்டுவந்தேன், நீங்கள்தானே பிரித்தீர்கள் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"இருக்கலாம்மா. நான் இன்னும் ஜாக்கிரதையா இருந்திருக்கணும். மன்னிச்சுக்கோங்க. என் சட்டையில, கையில ஏதாவது ஒட்டியிருந்தா இன்னும் கஷ்டம். நான் இனிமே உள்ள வரல."

கழுவிய தொட்டிகளைக் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டுப் போய்விட்டார். கேட்டைச் சத்தம் வராமல் சாத்தினார்.

வண்டிக்காரன் கேட்டது கிடைத்துவிட்டது. இனிமேல் புதன்கிழமையும் ஒரு சாதாரணக் கிழமைதான். ஆனால் அவள் மத்தியானம் சாப்பிட வரவில்லை. அவன் தட்டை எடுத்துக்கொண்டு போனபோது, "பசிக்கல" என்றாள். தாய்ச்செடியின் அடியில் குந்தி உட்கார்ந்து துடைத்துக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. அந்தக் கண்ணீர் செடிக்கா, விரட்டிவிட்ட மனிதருக்கா என்று ஒரு கணம் கணக்குப் பார்த்தான். பொறாமைக்கு நேரம் காலம் ஏது? அப்புறம் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

இனி பரிசைக் காட்ட அந்த ஆள் வரமாட்டார். அவளுக்காவது மனசு ஆறட்டும், கொடுத்துவிடலாம் என்று சந்துக்குள் குனிந்து செடியை வெளியே இழுத்தான்.

வெளிச்சத்துக்கு வந்த செடியில் பூவைக் காணோம், மொட்டைக் காணோம். தண்டு, கணு, இலைக்காம்பு எல்லாம் வெள்ளை அப்பிக்கிடந்தது. முதல்முறையாக ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தான். அடிப்பக்கம் முழுக்க மாவு பூசியிருந்தது. அங்கிருந்து எறும்புச் சாரை தொட்டிச் சுவரேறி, அவன் ஒதுக்கிவிட்ட கிளை வழியாகத் தாய்ச்செடிக்குப் போய்க்கொண்டிருந்தது.

வண்டி வெளியே நின்றது. வாய்க்கால் கூப்பிடு தூரம். செடியைச் சாக்கில் சுருட்டி எறிந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பழி ஏற்கெனவே ஒருத்தர் தலையில் ஏறி, அவரும் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டு போயாயிற்று. சாக்கை எடுத்து உதறினான். சுருட்டப் போனபோதுதான் தண்டை முட்டுக்குச்சியோடு சேர்த்துக் கட்டியிருந்த துணி கண்ணில் பட்டது. நீலக் கட்டம் போட்ட துணி. கயிறு தண்டை அறுக்கும் என்று துணியைக் கிழித்து, எட்டுப் போட்டுத் தளர்வாகக் கட்டியிருந்தது. அவனுடைய சட்டை. கிழிந்துபோனது என்று அவன் மூலையில் எறிந்த சட்டை. இது அவள் வளர்த்த கன்று. இவன் கையாலேயே மொத்த வியாபாரியின் லாரியில் ஏற்றி அனுப்பியதை, இவனே போய் அரைமணி நேரம் கேள்வி கேட்டு வாங்கிவந்திருக்கிறான்.

சாக்கைக் கீழே போட்டான். செடியைக் கொண்டுபோய் கேட்டருகே அந்தப் பலகையில் வைத்தான். பிறகு அவளிடம் போனான்.

"இந்தா... கொஞ்சம் கேட்டுகிட்ட வாயேன்."

வந்து பார்த்தாள். துணியைப் பார்த்தாள், வெள்ளையைப் பார்த்தாள். அவளுக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"எங்கருந்து வந்துச்சு இது?"

"பைபாஸ் பண்ணையில வாங்கினேன். நம்மதுன்னு தெரியல."

"எங்க வச்சிருந்தீங்க?"

"சந்துல. உனக்குக் குடுக்கலாம்னு. அவரு வரும்போது குடுக்கலாம்னு..." மீதியை அவன் சொல்லவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. கோபத்தைவிட ஆச்சரியம்தான் முகத்தில் முதலில் வந்தது.

"அந்த மனுஷர் மேலயா?"

"சும்மா வாங்கல. கேட்டுத்தான் வாங்கினேன்" என்றான், ஏதாவது ஒன்றிலாவது தப்பிக்க. "வெயிலு, தண்ணி, மண்ணு எல்லாம் கேட்டேன். அரைமணி நேரம் நின்னு சொன்னாரு பண்ணைக்காரரு."

அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"அவர்கிட்ட கேட்டீங்களா?"

"ஆமா."

"இத்தன வருஷமா ஒரே கேட்டுக்குள்ள இருக்கோம். இது என்ன செடி, இத எப்படி வளக்கறன்னு என்கிட்ட ஒரு நாள் கேட்டிருக்கீங்களா? எனக்குத் தெரிஞ்சத நீங்க கேக்கணும்னா நான் ஊருக்கு வெளிய போய்க் கடை போடணுமா? அந்தக் கண்ணாடிக்காரரு பெருசா என்ன பண்ணிட்டாரு? கேட்டாரு. சொல்லி முடிக்கிற வரைக்கும் நின்னாரு. அவ்வளவுதான். அதுக்கு உங்களுக்கு வயிறெரியுதுன்னா, அது யாரு குத்தம்?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிதான் கேட்டாள். வண்டிக்காரனுக்கு வெயில் முதுகில் அடித்தது. டயர்க்கடையில் சுத்தியல் சத்தம்கூட நின்றுவிட்டது. மதிலுக்கு அந்தப் பக்கம் காது இருந்திருக்க வேண்டும்.

"முதல்ல அவர் வீட்டுக்குப் போங்க" என்றாள் கடைசியில். "நான் பேசினது தப்புன்னு அப்புறமா நானே வந்து சொல்றேன். ஆனா யாரால வந்துச்சுன்னு நீங்கதான் சொல்லணும்."

கண்ணாடிக்காரரின் வீடு மாடியில் இருந்தது. அவர் பால்கனியில் இருந்தது மொத்தமே ஏழெட்டுச் செடி. ஒவ்வொன்றுக்கும் கீழே தட்டு, ஒவ்வொன்றுக்கும் நடுவே காற்று போக இடம். இதற்காகவா இத்தனை புதன்கிழமை வந்தார் என்று வண்டிக்காரனுக்குத் தோன்றியது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். இலை ஜோசியர் என்று பெயர் வைத்ததைக்கூடச் சொல்லிவிட்டான். எப்படியோ வாயில் வந்துவிட்டது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்ல பேருதான்" என்றார். "வீட்டுக்கு வந்ததும் அந்தச் செடிய எரிச்சுட்டேன். இருந்தாலும் என்னாலதான்னு நினைச்சு இன்னிக்கு ராத்திரி தூக்கமே வராதுன்னு இருந்தேன். இப்ப வரும்." பிறகு முகம் மாறியது. "தாய்ச்செடி பிழைக்குமா? அது போகக் கூடாதுங்க. அது உங்க செடியாச்சே!"

"என் செடியா? அவளோடது."

"உங்களுக்குத் தெரியாதா?" என்று அவர் நிறுத்திக்கொண்டார். "நான் சொல்றது நல்லா இருக்காது. அவங்ககிட்டயே கேளுங்க."

திரும்பி வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வண்டியை ஓட்டினான். அவருக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. பழைய எரிச்சல் அப்படியே இருந்தது. ஆனால் இந்தத் தடவை அது எந்த வழியில் போனால் தீரும் என்று தெரிந்திருந்தது.

அவள் தாய்ச்செடி முன்னால் பெரிய கத்தரிக்கோலோடு நின்றுகொண்டிருந்தாள். துடைத்து ஆகாது, முழங்கால் உயரத்துக்கு வெட்டி, வெட்டியதையெல்லாம் எரித்துவிட வேண்டும், வேறு வழியில்லை என்றாள். சொல்லிவிட்டாளே தவிரக் கை எழவில்லை.

"இது என் செடின்னு சொல்றாரே அவரு. என்ன விஷயம்?" என்று கேட்டான்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் கேட்டுவிட்டு நகராமல் நின்றான். சல்லடையையும் எடுக்கவில்லை, சாவியையும் ஆட்டவில்லை.

"கடை போட்ட புதுசுல முதல்ல நட்ட குச்சி இது. ஒத்தக் கம்பா நெட்டுக்கு வளந்துச்சு, கிளையே விடல. ஒரு நாள் நீங்க வண்டிய ரிவர்ஸ் எடுத்து இது மேலயே ஏத்திட்டீங்க. அடியோட ஒடிஞ்சுபோச்சு."

"நானா?"

"நீங்கதான். நான் அழுதுக்கிட்டு ஓடி வந்தேன். நீங்க இறங்கி வந்து, குனிஞ்சு, வண்டியில கீறல் விழுந்துச்சான்னு பாத்தீங்க."

வண்டிக்காரனுக்கு மெல்ல ஞாபகம் வந்தது. ஏதோ குச்சி ஒடிந்தது என்றுதான் ஞாபகம்.

"அப்புறம்?"

"அடிக்கட்டைல இருந்து அஞ்சாறு துளிர் வந்துச்சு. அந்த ஒடிசல்ல இருந்து வந்ததுதான் இத்தனையும். நுனியக் கிள்ளிவிட்டாத்தான் கிளை விடும்னு எனக்கு அப்ப யாரும் சொல்லித் தரல. உங்க வண்டி சொல்லிக் குடுத்துச்சு. இதத்தான் அவர்கிட்ட சொன்னேன், அன்னிக்கு."

அப்படியானால் அந்தச் சிரிப்பு தன்னைப் பற்றியது. இத்தனை நாள் வயிறெரிந்தது தன் கதைக்கேதான். கோபப்படுவதா, சந்தோஷப்படுவதா என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

அவள் கத்தரிக்கோலை அவனிடம் நீட்டினாள். "போன தடவ கேக்காம ஒடிச்சீங்க. இந்தத் தடவ கேட்டுட்டு வெட்டுங்க."

வாங்கிக்கொண்டான். "எங்க வெட்டணும்?"

"இதோ, இந்தக் கணுவுக்கு மேல. ஒரு விரல் விட்டு, சாய்வா."

"ஏன் சாய்வா?"

"மழைத் தண்ணி தேங்கக் கூடாது. தேங்கினா அழுகிடும்."

வெட்டினான். கிளை சரிந்து சாக்கின்மேல் விழுந்தது. அடுத்ததுக்கும் கேட்டான், அதற்கடுத்ததுக்கும் கேட்டான். அவள் ஒவ்வொரு கணுவாகத் தொட்டுக் காட்டினாள். முடிந்தபோது தொட்டிப் பக்கம் வெட்டவெளியாகிவிட்டது. முழங்கால் உயரத்தில் சில கட்டைகள் மட்டும் நின்றன. நூல்போல் கொழகொழவென்று சாறு கசிந்த வெட்டுவாயை அவள் சோப்புத் துணியால் ஒற்றினாள்.

"வருமா?" என்று கேட்டான்.

"தெரியல" என்றாள். கண் கலங்கியிருந்தது. "போன தடவ வந்துச்சு."

அவன் அந்தக் கட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றான். ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தான். வந்தது வேறு. இத்தனை வருஷமாகத் தெரியாமலே இருந்த ஒரு சந்தேகத்தைச் சுத்தமாக, மனதாரக் கேட்டான்.

"அன்னிக்கு வண்டியில கீறல் விழுந்துச்சா?"

அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். உதடு துடித்தது, முதலில் அழப்போகிறாள் என்றுதான் நினைத்தான். தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, வலைக்குமேல் குருவிகள் எழும்பிப் பறக்கச் சிரித்தாள்.

மதிலுக்கு மேல் டயர்க்கடைக்காரரின் தலை முளைத்தது. "என்னப்பா, மறுபடியும் வந்துட்டாரா அவரு? யாரு வந்திருக்கா உள்ள?"

வண்டிக்காரன் கத்தரிக்கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டான்.

"யாரும் வரல" என்றான். "நாந்தான்."